சீனக் கிராமங்களின் சேமிப்பும் நுண்கடனும்

சீனாவின் கிராமப்புற வறுமை குறைந்ததில் நுண்கடனுக்கு, அதாவது ஏழைகளுக்குத் தரப்படும் சிறு கடனுக்கு, எவ்வளவு பங்கு என்று கேட்டால், சிறிய பங்கு என்றே சொல்வேன். 1978-க்குப் பிறகு சாகுபடி குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டதும், பின்னர் கோடிக்கணக்கானோர் கடலோர நகரங்களின் ஆலைகளில் வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பியதுமே பெரிய காரணங்கள். ஆயினும் கிராமத்துச் சேமிப்பு கிராமத்துக்கு ஏன் உதவவில்லை என்பதை அறிய நுண்கடனின் வரலாற்றைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1980-களில் அரசு, வறிய வட்டாரங்களுக்கு வட்டி மானியத்துடன் கடன் கொடுக்கத் தொடங்கியது. மலிவான பணம் என்பதால் செல்வாக்குள்ளவர்களும் உள்ளூர்த் தொழிற்கூடங்களும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டனர். திருப்பிச் செலுத்தியதும் குறைவு. இதைக் கண்ட சீன சமூக அறிவியல் கழக ஆய்வாளர் தூ சியாவோஷானும் அவருடைய சகாக்களும், வங்கதேசத்தின் கிராமீன் வங்கி முறையைப் பின்பற்றி, 1990-களின் முற்பாதியில் ஹெபெய் மாகாணத்தின் யீ வட்டத்தில் ஐந்தைந்து பேர் கொண்ட குழுக்களுக்கு ஈடில்லாக் கடன் வழங்கத் தொடங்கினார்கள். கடன் பெற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏழைகள் திருப்பிச் செலுத்துவார்கள் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் மக்களிடம் வைப்புத்தொகை பெற அந்த அமைப்புக்கு அனுமதி இல்லை. நன்கொடையை நம்பியே இயங்கியதால் அது சிறிதாகவே நின்றுவிட்டது.

கடன் கிடைக்காததற்கு அடிப்படைக் காரணம் நிலவுடைமை. விளைநிலம் கூட்டுடைமை, உழவர்களுக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை மட்டுமே என்பதால், நிலத்தையும் வீட்டுமனையையும் அடமானம் வைக்கச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. 1990-களின் இறுதியில் அரசு வணிக வங்கிகள் நட்டம் தந்த வட்டாரக் கிளைகளை மூடத் தொடங்கியபின், பல ஊர்களில் எஞ்சியவை ஊரகக் கடன் கூட்டுறவுகளும் அஞ்சலகங்களும்தான். 1986-இல் மீண்டும் தொடங்கப்பட்ட அஞ்சல் சேமிப்பு, கிராமத்தாரின் பணத்தைப் பெற்றுக்கொண்டதே தவிர, 2007-இல் தனி வங்கியாகும் காலம் வரை அவர்களுக்குக் கடன் கொடுப்பதை ஒரு வேலையாகவே கொள்ளவில்லை. வெளியூர் சென்ற பிள்ளை அனுப்பிய யுவான், அஞ்சலகம் வழியாக மறுபடி நகரத்துக்கே போய்ச் சேர்ந்தது. இதைவிடப் பெரிய குறை வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2005-இல் ஐந்து மாகாணங்களில் சிறுகடன் நிறுவனங்கள் சோதனை முறையில் அனுமதிக்கப்பட்டன. ஷான்சி மாகாணத்தின் பிங்யாவ் அவற்றுள் ஓர் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்டியல் வணிகத்துக்கு, அதாவது சீட்டு வழியாக ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பும் தொழிலுக்கு, பெயர்பெற்ற அதே ஊர் என்பது சுவையான பொருத்தம். 2008-க்குப் பிறகு இவை நாடெங்கும் பரவின. ஆனால் இவற்றுக்கும் வைப்புத்தொகை பெறும் உரிமை இல்லை. சொந்த முதலை வைத்துக் கடன் கொடுப்பவர், பத்து உழவர்களைத் தேடி அலைவதைவிட நகரத்து வணிகர் ஒருவருக்குப் பெருந்தொகை கொடுப்பதையே விரும்பினார். அதில் வியப்பில்லை.

2014-இல் அரசு மீண்டும் மானிய வட்டிக்கே திரும்பியது. வறியோர் எனப் பதிவான குடும்பங்களுக்கு 50,000 யுவான் வரை, மூன்றாண்டுத் தவணையில், ஈடும் பிணையும் இன்றிக் கடன். தகுதியுடையோர் பட்டியல் இம்முறை தெளிவாக இருந்தது. ஆயினும் சில இடங்களில் குடும்பத்தின் பெயரில் எடுத்த கடனை ஒரு நிறுவனம் பயன்படுத்திக்கொண்டு, ஆண்டுதோறும் சிறு தொகையைப் பங்காகக் கொடுத்தது. கையில் பணம் வந்ததால் குடும்பங்களும் மறுக்கவில்லை. ஆனால் நிறுவனம் நொடித்தால் கடன் நிற்பது அவர்கள் பெயரில். பின்னர் அதிகாரிகள் இந்த ஏற்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.