மீன் வாடை வாயிலிருந்து வரவில்லை

பூனை மேல் மீன் வாடை அடித்தால் எல்லோரும் முதலில் வாயைத்தான் திறப்பார்கள். நம் பூனையோடு முதலில் போன கிளினிக்கிலும் அதேதான். கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் காரை இருந்தது. உடனே ரத்தப் பரிசோதனை, மயக்க ஊசி, பல் கிளீனிங் எல்லாம் நடந்தது. பல் பளபளத்தது, வாடை போகவில்லை. வாலைத் தூக்கிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆசனவாய்க்கு இரு பக்கமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடத்தில், பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிப் பைகள் உண்டு. கெட்டியான மலம் வெளியேறும்போது அவை அழுந்திக் காலியாகும். மலம் இளகலாகவே போனாலோ, பூனை குண்டாக இருந்தாலோ அடைத்துக்கொள்ளும். அழுகிய மீனும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். பூனை அங்கே நக்கிவிட்டு வந்து நம் முகத்தருகே கொட்டாவி விடும். குழப்பமெல்லாம் அதில்தான். (பயந்துபோனால் நல்ல பூனையும் ஒரு சொட்டு விடும். அது கொஞ்ச நேரத்தில் போய்விடும், நோயில்லை.)

இரண்டாவது தடவை தப்பு நம் பக்கம். நாற்றத்தோடு எப்படிக் கூட்டிப்போவது என்று காலையில் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியாயிற்று. டாக்டர் முகர்ந்து பார்த்தார். ஷாம்பூ வாசனைதான் வந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது தடவைக்கு முன் வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி கிடைத்தது. ஐந்து வெள்ளை டிஷ்யூ எடுத்து ஈறு, வலது காது, இடது காது, முதுகு ரோமம், வாலடி என்று தனித்தனியாக ஒற்றி, மேலே பேனாவால் எழுதி, ஒவ்வொன்றாக முகர்ந்தால் போதும். வாலடி டிஷ்யூவில் பழுப்புக் கறை, கூடவே அந்த வாடை. அதை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போனதும் டாக்டர் கையுறை மாட்டி அந்தச் சுரப்பிப் பைகளை அழுத்தினார். டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாக வந்தது. அரை நிமிட வேலை!

வீட்டில் பிதுக்கிப் பார்க்க வேண்டாம், பை உள்ளே கிழியலாம். ஆசனவாயின் பக்கவாட்டில் சிவந்து வீங்கினாலோ, சீழோ ரத்தமோ வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். திரும்பத் திரும்ப அடைத்தால் மலம் ஏன் இளகுகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

டிஷ்யூ வேறு இடத்தைக் காட்டினால் கதையும் வேறு. காதில் காப்பித்தூள் மாதிரி அழுக்கு என்றால் பெரும்பாலும் காதுப் பூச்சி. புளித்த வாடை என்றால் ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று. சண்டை போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து ரோமத்துக்கடியில் அழுகல் நாற்றம் வந்தால் கடிபட்ட இடத்தில் சீழ் கட்டியிருக்கும். வாயில் மூத்திர வாடையும் அதிகத் தண்ணீர் குடிப்பதும் சேர்ந்தால் கிட்னிக்கு ரத்தமும் சிறுநீரும் பார்க்கணும். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை, சோர்வு, சாப்பிடாமை மூன்றும் இருந்தால் சர்க்கரை முற்றியிருக்கலாம், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

சோபாவில் கறை பட்டால் என்சைம் கிளீனர்தான். ஃபினாயில், டெட்டால் இரண்டும் பூனைக்கு விஷம். துடைத்த தரையில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும்.