பொன்னாடைக்குள் போன மெடல்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். 1953-ல் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றது அன்றைக்குத்தான். டெல்லியில் அது வெறும் தேதி. நமக்கோ போகி, இல்லையென்றால் பொங்கல். பானை பொங்குகிற நேரத்தில் ஊரில் முன்னாள் படைவீரர் அணிவகுப்பு வைத்தால் வேடிக்கை பார்க்கத் தெருவில் ஈ காக்கை இருக்காது. சாயங்காலம் நாலு மணிதான் தோது. மிலிட்டரிக்காரர்கள் மூன்றே முக்காலுக்கே உயர வரிசைப்படி நின்றுவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் ஐந்தரைக்கு வருவார். அவருக்கு மட்டும் "மூன்று மணி" என்று தனி அழைப்பிதழ் அடிப்பது உத்தமம்.

ராணுவ நடை நிமிடத்துக்கு 120 தப்படி, தப்படிக்கு 30 அங்குலம். அந்தக் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிடம். எழுபது வயது முழங்கால் ஒத்துழைக்காது. அரை கிலோமீட்டர் போதும், நடையும் நிமிடத்துக்கு நூறுக்குள் இருக்கட்டும். நடக்க முடியாதவர்களைத் திறந்த ஜீப்பில் ஏற்றுவார்கள். நடை வேகத்துக்கு ஜீப் அடங்காது. அரை கிளட்சிலேயே உருட்டி உருட்டி, பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் கிளட்ச் கருகிய வாடை வந்துவிடும். டிராக்டர்தான் சரி. லோ கியரில் போட்டால் ஆள் நடப்பதைவிட மெதுவாகப் போகும். பொங்கலுக்குக் கழுவிப் பொட்டு வைத்துத் தயாராகவும் நிற்கும். டிரெய்லரில் ஏற ஒரு ஸ்டூல் வேண்டும். எல்லாரும் மறப்பது அதைத்தான்.

அடுத்து பேண்ட். பெரிய டிரம்மின் அடி இடது காலில் விழ வேண்டும். கல்யாண பேண்ட் செட்டுக்கு இந்த விதி தெரியாது. குத்துப்பாட்டு எடுத்தால் ஓரத்துப் பையன்கள் ஆட, நடுவில் சுபேதார் ஒற்றைக் காலில் தடுமாறுவார். பள்ளிக்கூட பேண்ட் பரவாயில்லை. வரிசை நீளமானால் அதையும் முன்னால் விடாமல் நடுவில் விடுங்கள். 85 மீட்டர் தள்ளி நடப்பவருக்குச் சத்தம் கால் நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். முன்னால் இருப்பவர் காலை ஊன்றும்போது பின்னால் இருப்பவர் கால் அந்தரத்தில் இருக்கும்.

மேடை வந்ததும் "தாஹினே தேக்" என்று ஹிந்தியில் கட்டளை வரும். எல்லாரும் தலையை வலப்பக்கம் திருப்புவார்கள். வலது ஓர வரிசை மட்டும் நேரே பார்த்து நடக்கும். திசைக்கு அவர்கள்தான் பொறுப்பு. அவர்களில் ஒருவர் பேத்தி கையாட்டுகிறாளே என்று திரும்பினால் படை மொத்தமும் ஷாமியானாவுக்குள் புகும்.

கொடிக்கு சல்யூட் அடிக்கும்போது கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஆளுக்கு ஒரு மாதிரி அடிக்கிறாங்க, பிராக்டீஸ் பத்தல!" தரைப்படைக்காரருக்கு உள்ளங்கை முன்னால் தெரிய வேண்டும், கடற்படைக்காரருக்குக் கீழ்நோக்கி மறைய வேண்டும், விமானப்படைக்கு 2006 முதல் இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி. மூன்றுமே சரிதான்.

பெரிய ஆபத்து பொன்னாடை. நடு மார்பை ஒட்டி இருப்பதுதான் உயர்ந்த மெடல் என்று பேரனிடம் சொல்லிச் சொல்லி, வரிசை மாறாமல் இடது மார்பில் குத்தியிருப்பார். மேடையில் ஒரே விநாடியில் எல்லாவற்றையும் ஜரிகை மூடிவிடும். போட்டோவில் இருப்பது பொன்னாடையும் கவுன்சிலரும். எடுக்கும்போது ஜரிகை நூல் மெடலில் மாட்டி, மெடல்கள் கோத்த பட்டையே கழன்று வரும். சால்வையைக் கையில் கொடுங்கள் என்று முதல் நாளே சொல்லலாம். சொன்னாலும் போர்த்துவார்கள், போட்டோகிராபர் அப்படித்தான் கேட்பார். கமிட்டியில் ஒருவர் சட்டைப்பை நிறைய ஊக்குகளோடு மேடைப் படியருகே நிற்கட்டும்.