.308 தோட்டா சேம்பரில் சிக்கியது: வீக்கம் தோளில், காரணம் வாயில்

நானே வெடிமருந்து நிரப்பிய .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாக்களில் சில, சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கடைசி நூலளவில் நின்றுவிட்டன. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் கைப்பிடி கீழே இறங்கவே இல்லை. அதே பெட்டியிலிருந்து எடுத்த அடுத்த தோட்டா வழுக்கிக்கொண்டு போனது. எல்லாமே சிக்கினால் காரணத்தைப் பிடிப்பது சுலபம், சிலது மட்டும் சிக்குவதுதான் தலைவலி.

தென்னாப்பிரிக்காவில் மாரிட்ஸ்பர்க் பக்கம் சுடும் ரேஞ்சில் இது நடந்தபோது, பக்கத்து மேசை ஆஃப்ரிகானர் பெரியவர் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டச் சொன்னார். "வேண்டாம் ஊம்" (ஆஃப்ரிகான்ஸில் பெரியவர்களை அழைக்கும் 'மாமா') என்று சொல்லிவிட்டு, குழல் இலக்குப் பக்கமே இருக்க, போல்ட்டை மெல்லப் பின்னால் இழுத்தேன். மருந்தோடு இருக்கும் தோட்டாவை அடித்து உள்ளே ஏற்றினால் அப்புறம் வெளியே எடுப்பது பெரும்பாடு.

தோட்டா முழுசாக வந்தது. அதிலேயே ஒரு தகவல் இருந்தது. குண்டின் மூக்கு குழலின் வரிப்பள்ளங்களில் இறுகியிருந்தால், குண்டு அங்கேயே தங்கி மருந்து மேகசினில் கொட்டியிருக்கலாம். குண்டின் மேல் கீறலும் இல்லை. மொத்த நீளமும் 71.1 மில்லிமீட்டர் உச்ச வரம்புக்குள்தான் இருந்தது. ஆகவே சந்தேகம் பித்தளை உறை மேல் திரும்பியது.

டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டு கராஜில் உட்கார்ந்து, சுட்ட உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான சைசிங் டையைத்தான் முதலில் குறை சொன்னேன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா கேட்ட கேள்விதான் வழி காட்டியது: "எந்த வேலை முடிஞ்சப்புறம் கெட்டுப்போகுது, அதைப் பாத்தியா?"

போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டு, ப்ரைமரும் (அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மருந்தும் இல்லாத உறைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பின்னின் ஸ்பிரிங் இல்லாததால் சின்ன உரசல்கூடக் கையில் தெரியும். சைஸ் செய்த காலி உறை ஒவ்வொன்றும் தடையின்றிப் போனது. அதே உறைகளில் குண்டைப் பொருத்தியதும் சிலது சிக்கின. சைசிங் டை மேல் குற்றமில்லை, கோளாறு குண்டு பொருத்தும் டையில்.

சிக்கிய உறை ஒன்றில் மார்க்கரால் கறுப்பு பூசி ஏற்றி இறக்கினோம். தோளும் (உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) உடலும் சேரும் இடத்தில் மை வளையமாகத் தேய்ந்திருந்தது. வெர்னியர் வைத்தால் அந்த இடம் காலி உறையைவிட மயிரிழை தடிப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

காரணம் இதுதான். குண்டு பொருத்தும் டைக்குள் உறையின் வாயை மடக்கும் ஒரு விளிம்பும் உண்டு. நான் வாங்கியது பழைய டை, முன்னாள் சொந்தக்காரர் வைத்த லாக் ரிங்கோடு (டை எவ்வளவு இறங்கும் என்று நிறுத்தும் வளையம்) வந்தது. அதனால் டை மிகவும் தாழ்வாக இறங்கியிருந்தது. என் குண்டில் வாய் மடங்கி உட்கார வளையப் பள்ளம் கிடையாது. போக வழியில்லாமல் உலோகம் கீழே தள்ளப்பட்டு, காலி டப்பாவை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குவது மாதிரி, தோள் பிதுங்கியது. நீளமான உறைகளின் வாய் மட்டுமே அந்த விளிம்பில் பலமாக மோதும், குட்டையானவை தப்பித்துவிடும். சிலது மட்டும் சிக்கிய மர்மம் இவ்வளவுதான்.

டையை மேலே தூக்கி, உறை உள்ளே இருக்க மெல்ல இறக்கி, விளிம்பு தட்டுவதை உணர்ந்ததும் அரைச் சுற்று பின்னால் திருப்பினேன். இந்த டைகளில் அங்குலத்துக்கு 14 மரை, அரைச் சுற்றென்றால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். பிறகு டை பழைய இடத்திலிருந்து மொத்தம் எவ்வளவு ஏறியதோ, குண்டை அழுத்தும் தண்டை மட்டும் அந்த அளவு இறக்கினால் பழைய ஆழம் திரும்பக் கிடைக்கும். போல்ட் ரைஃபிளில் இந்தக் குண்டுக்கு வாயை மடக்கும் அவசியமே இல்லை என்பது என் கட்சி. உறைகளையும் 50.9 மில்லிமீட்டருக்கு ஒரே சீராக வெட்டிக்கொண்டேன்.

ஏற்கெனவே வீங்கிய தோட்டாக்களைச் சைசிங் டைக்குள் தள்ளிச் சரிசெய்யலாம் என்று யோசிக்கவே வேண்டாம், உள்ளே உயிருள்ள ப்ரைமரும் மருந்தும் இருக்கின்றன. குண்டை உருவும் சுத்தியல் வடிவப் புல்லரில் தட்டிக் குண்டைப் பிரித்தேன். சலிப்பான வேலை, பாதியில் மாமா டீ குடிக்கப் போய்விட்டார். நல்லவேளை, டெடிகேட்டட் அந்தஸ்து (பதிவு பெற்ற முழுநேர ஈடுபாட்டு வேட்டைக்காரர் அல்லது சுடும் விளையாட்டு வீரர் என்ற தகுதி) இல்லாதவனுக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதால் பிரிக்க வேண்டிய குவியலும் சின்னது.

புதிதாக நிரப்பியவை எல்லாம் ரேஞ்சில் தடையில்லாமல் ஏறி இறங்கின. 100 மீட்டரில் குழுமம் (குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) இன்னும் திருப்தியில்லை. குளிர்கால இம்பாலா வேட்டைக்கு முன் குண்டின் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும்.