நஞ்சுக்கொடி செய்யும் வேலை

“பி.பி. ஏறினது சரி, தைராய்டு ஏன்க்கா கூடவே கோளாறாகுது?” என்று கர்ப்பமாக இருக்கும் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கர்ப்பத்தில் பி.பி. ஏறும் ப்ரீ-எக்ளாம்ப்சியா என்ற கோளாறில், ரத்த ஓட்டம் போதாத நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அம்மாவின் ரத்தத்தில் அள்ளிக் கொட்டுகிறது. ரத்தக்குழாய்களைப் பேணும் விஇஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பி.பி. 140/90-ஐத் தாண்டுவதும் சிறுநீரில் புரதம் போவதும் பெரும்பாலும் இதனால்தான். தைராய்டோ நுண்குழாய்கள் மொய்த்துக் கிடக்கிற சுரப்பி. அது மட்டும் தப்புமா?

2009-இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், முதல் பிரசவத்துக்கு முன் ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்த பெண்களின் டிஎஸ்ஹெச் (தைராய்டு மந்தமானால் ஏறும் ஹார்மோன்) ஆரம்ப அளவைவிடச் சுமார் 2.4 மடங்கு ஆகியிருந்தது. மற்ற கர்ப்பிணிகளுக்கு 1.5 மடங்குதான். எனக்கு இதைவிட சுவாரசியமான சாட்சி, சுனிடினிப் என்கிற புற்றுநோய் மாத்திரை. அது விஇஜிஎஃப்-இன் வழியை அடைப்பது. சாப்பிடுபவர்களில் பலருக்கு பி.பி. ஏறுகிறது, தைராய்டு சுரப்பும் குறைகிறது! கர்ப்பமே இல்லாமல் அதே ஜோடி.

அதற்காக ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்த எல்லோருக்கும் தைராய்டு மாத்திரை தேவை என்று அர்த்தமில்லை. அதே ஆய்வின் நார்வே பகுதியில், முதல் கர்ப்பத்தில் இது வந்த பெண்களுக்குப் பல வருடம் கழித்தும் டிஎஸ்ஹெச் கூடியிருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பிரசவத்துக்கு அப்புறமும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.