ஐந்தாவது பங்கு

எங்கள் அப்பாருக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்து ஒரே கிணறு. ஆளுக்கு நாலு நாள் முறை. முறை மாறுகிற அன்றைக்கு மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்தினாய் என்று விடிந்ததும் விடியாததுமாக ஒரு சண்டை நடக்கும். ஃபுட்வால்வு கசிந்து தண்ணீர் இறங்கிவிட்டால் சொம்பில் மொண்டு பம்புக்குள் ஊற்றுவது என் வேலை, அதனால் பெயிண்ட் உரிந்த அந்த மோட்டாரில் இருந்த மூன்று எழுத்துகள் எனக்கு மனப்பாடம்: பி.எஸ்.ஜி.

அது ஒரு மனிதரின் பெயர் என்று ரொம்ப நாள் தெரியாது. கோயம்புத்தூரில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்லைத் தாண்டிவிட்டால் கண்டக்டர் வாயில் டெக் (இன்ஜினியரிங் காலேஜ்), ஆஸ்பத்திரி, ஆர்ட்ஸ் காலேஜ் என்று எல்லாமே பிஎஸ்ஜிதான், ஸ்டாப்பிங் பெயராகவே ஆகிவிட்டது.

பீளமேட்டு கோவிந்தசாமி நாயுடு. அவருக்கு நான்கு மகன்கள். 1926-இல் சொத்தைப் பாகம் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவதை அறக்கட்டளைக்கு எழுதிவிட்டார்கள். 2 லட்சத்துச் சொச்சம் ரூபாய். பிறக்காத ஒரு தம்பிக்குப் பங்கு வைத்த மாதிரி! வரப்பை ஒரு சாண் நகர்த்திவிட்டான் என்று மூன்று தலைமுறைக்கு கோர்ட்டுக்கு அலைகிற ஊரில் இதை எப்படி நான்கு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கொடுத்த பணத்தைவிட அதை எதில் போட்டார்கள் என்பது முக்கியம். சர்வஜன பள்ளிக்கூடம் 1924-லேயே வந்துவிட்டது. அறக்கட்டளை தொடங்கிய வருடமே தொழில் பயிற்சிக்கூடம். பம்பும் மோட்டாரும் லேத்தும் செய்து விற்கிற நிஜமான பட்டறை அது, படிக்கிற பையன்கள் அங்கேயே அரம் பிடித்துக் கற்றுக்கொண்டார்கள். 1951-இல் அதை ஒட்டியே டெக் வந்தது. முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், கோவிந்தசாமி நாயுடுவின் பேரன். இன்ஜினியரிங் பாடம் நடத்தியதோடு நிற்காமல் தமிழில் அறிவியல் சொல்ல 'கலைக்கதிர்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். இதற்காகவே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். இன்னொரு பேரன் கோவிந்தராஜுலு பெண்களுக்காக 1963-இல் கிருஷ்ணம்மாள் கல்லூரி. அப்புறம் 1985-இல் மருத்துவக் கல்லூரி.

சரி, புகழ்ந்துகொண்டே போக வேண்டாம். எல்லாமே ஊருக்குக் கிழக்கே பீளமேட்டில்தான் வந்தன. கொடுக்கிற குடும்பம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தானே காலேஜும் ஆஸ்பத்திரியும் வரும்? தெற்கே குறிச்சிப் பக்கம் இப்படி ஒரு வீடு இருந்திருந்தால் ஊரின் படமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஊர் எந்தத் திசையில் வளரவேண்டும் என்பதை நாம் ஓட்டுப்போட்டு முடிவு செய்யவில்லை, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் முடிவு செய்திருக்கிறது. எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் இல்லை, போர் போட்டு ரொம்ப வருடமாகிறது. மோட்டாரை மட்டும் யாரும் கழற்றவில்லை. ஏன் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"அது யாரு பங்குன்னு இன்னும் முடிவாகலையே கண்ணு" என்றார்.