நியூட்ரோஃபில் ஏறாத வாரங்களும் நுரையீரல் பூஞ்சையும்

மகனுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்து, மறுபடி கீமோ ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் நுரையீரலில் பூஞ்சைத் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் இப்போது வார்டில் பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் கேட்டது, "வீட்ட இவ்வளவு சுத்தமா வச்சிருக்கோமே, பிள்ளைக்கு எங்கேருந்தும்மா ஒட்டுச்சு?" அதே கேள்வியை மருத்துவரிடம் கேட்டேன். அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையின் வித்து 2, 3 மைக்ரோமீட்டர்தான் இருக்கும், எவ்வளவு துடைத்தாலும் காற்றில் இருக்கும், எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம் என்றார். அதை அழிப்பதில் பெரிய பங்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவுக்கு. ரத்த அறிக்கையில் அது 0.5-க்குக் கீழே, அதாவது மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய், பத்து நாள் தாண்டியும் ஏறாமல் கிடந்தால் ஆபத்து கூடிக்கொண்டே போகும். அதனால் இன்றைய எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட, எத்தனை நாளாக இறங்கியே இருக்கிறது என்று கேளுங்கள்.

மகனுக்கு அதோடு அதிக அளவு டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு, இருக்கிற அணுக்களையும் சரியாக வேலை செய்ய விடாது. ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய், வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றது, அதன்பின் அந்த மஜ்ஜையே உடம்பைத் தாக்குவது, பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் குறைவு, இவையெல்லாம் அதே ஆபத்துப் பட்டியலில் வருகின்றன. வீட்டைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று எந்த அம்மாவும் தன்னையே வதைத்துக்கொள்ள வேண்டாம்.

அவனுக்கு இருமலே இல்லை. மூச்சுத் திணறலும் இல்லை. காய்ச்சல் மட்டும் 38-க்கு மேலேயே நின்றது. வலுவான ஆன்டிபயாட்டிக் நான்கு நாள் போயும் இறங்காததால் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத சின்னச் சின்ன முடிச்சுகள் அதில் தெரிந்தன. பிறகு மயக்கம் கொடுத்து, குழாய் வழியே நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். பூஞ்சையின் சுவரிலிருந்து வரும் கேலக்டோமன்னன் என்ற பொருள் அந்த நீரில் இருந்தது. அன்று அவனைத் தள்ளுபடுக்கையில் கொண்டுபோனபோது, "அக்கா, நான் உள்ளயே இருப்பேன்" என்று கையைப் பிடித்துச் சொன்ன தமிழ்த் தாதியை மறக்க மாட்டேன்.

மருந்தில்தான் சிக்கல். இந்தப் பூஞ்சைக்கு முதலில் யோசிப்பது வோரிகொனசோல். ஆனால் அவனுடைய கீமோவில் வின்கிறிஸ்டின் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் வின்கிறிஸ்டின் உடம்பில் தேங்கி நரம்பைக் கெடுக்கும், குடல் இயக்கத்தை நிறுத்தும். அதனால் முதலில் லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் என்ற வேறொரு பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். அது பொட்டாசியத்தை இறக்கும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். வின்கிறிஸ்டினை நிறுத்தி வைத்தபிறகுதான் வோரிகொனசோலுக்கு மாறினோம்.

வோரிகொனசோலை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும்; நம் ஊர் வெயிலுக்கு முழுக்கைச் சட்டை கட்டாயம். ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே அளவு கொடுத்தாலும் ரத்தத்தில் நிற்கும் அளவு ஒன்றாக இருக்காது, கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். மகனுக்கு முதல் சோதனையில் அளவு போதவில்லை, டோஸ் ஏற்றினார்கள். "லெவல் பார்த்தாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் மாற்றியது கொஞ்சம்தான். தேக்காவில் வாங்கும் பூச்சரமும் தொட்டிச் செடிகளும் அவன் அறைப் பக்கம் வரவில்லை. மிளகில் பூஞ்சை வித்து இருக்கும் என்பதால், ரசத்தை இறக்கியபிறகு மேலே மிளகுத்தூள் தூவுவதை மாமியார் விட்டார், கொதிக்கும்போதே போடுகிறார். புளோக்கில் சுவர் உடைக்கப்போவதாக மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டினால், அந்த நாட்களில் அவன் சித்தி வீட்டில். கட்டுமானத் தூசி உண்மையிலேயே ஆபத்து, இதில் சமரசமே கிடையாது.

ஸ்கேனில் முடிச்சுகள் சுருங்கிய பிறகு கீமோ தொடர்ந்தது, வின்கிறிஸ்டின் வரும் வாரங்களுக்குத் தனியாக அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். பூஞ்சை மருந்தும் கூடவே போகிறது, அணுக்கள் மறுபடி இறங்கும்போது திரும்பி வரக்கூடும் என்பதால். வேறு கிளினிக்கில் சாதாரண சளிக்குப் போனாலும் அவனுடைய மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோகிறேன்.