பரண் காலியான கணக்கு: ஒன்பது ஞாயிறு

வீட்டில் நான்கு பேர். இரண்டு படுக்கையறை, சமையலறைக்கு மேல் ஒரு பரண், கூடத்துக்கு மேல் இன்னொன்று. வேண்டாத சாமானைக் கழிக்கும் வேலைக்கு நேரம் ஞாயிறு காலை 9 முதல் 12 வரை மட்டும். மூன்று மணி நேரம் தாண்டினால் கை சலித்துப்போய் "எல்லாம் இருக்கட்டும்" என்றோ "எல்லாத்தையும் போடு" என்றோ ஆகிவிடும். இரண்டுமே பின்னால் வருத்தம் தரும்.

தேவைப்பட்டவை: 50 கிலோ தொங்கு தராசு, நான்கு சாக்கு, மார்க்கர், டார்ச், முகக்கவசம், ஆடாத ஏணி. புதிதாக டப்பாவோ அலமாரியோ வாங்கக்கூடாது. டப்பா வாங்கி ஆரம்பித்தால் சாமான் குறையாது, டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஞாயிறு: பையும் மூடியும்

மனசு ஒட்டாத பொருளில் தொடங்குவது நல்லது. பைக்குள் பையாகத் திணித்திருந்த துணிப்பை, கட்டைப்பை மட்டும் 43. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று வந்த பிறகு ஜவுளிக்கடை, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலிருந்தும் பை வருகிறது. நல்ல பைதான், ஆனால் வேண்டியது ஆறு: வண்டியில் இரண்டு, வாசல் ஆணியில் இரண்டு, ரேஷனுக்கு இரண்டு. மிச்சத்தைத் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் கொடுத்தால் அன்றைக்கே பயன்படும்.

டிபன் டப்பாக்களில் முதலில் மூடியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 31 டப்பா, 26 மூடி. ஜோடி சேர்ந்தது 19 மட்டுமே. ஜோடி இல்லாததற்கு மூடி எங்கேயோ இருக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, மூன்றாவது ஞாயிறு: எவர்சில்வர்

இந்த வேலையின் உயிரே இங்கேதான். "எது வேண்டாம்?" என்று ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டால் ஒன்றும் நகராது. அதனால் அடுப்படியில் இருந்த அத்தனையையும் அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கூடத்து ஓரம் வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்துவந்து, எடுத்ததைத் திரும்பப் பெட்டியில் வைக்காமல் 14 நாள் ஓட்டினோம். முடிவில் சமையலறைக்குத் திரும்பியிருந்தவை: தட்டு 6, டம்ளர் 8, கிண்ணம் 9, கரண்டி 7, குக்கர் 2, வாணலி 2, இட்லிக் கொப்பரை 1. பெட்டியிலேயே தங்கிய டம்ளர் 34.

டம்ளர் எட்டாகக் குறைந்த பிறகு தொட்டியில் பாத்திரம் குவிவது நின்றது. எட்டுக்கு மேல் குவிய வழியே இல்லை. குடித்தவர் கழுவினால்தான் அடுத்த காபி. இராத்திரி பத்து மணிக்கு ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டு நின்றது இருபது நிமிடமாயிற்று. பொருள் குறைந்தால் மனசு நிறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அது கைக்குத் தெரிவது இந்த இடத்தில்.

பெயர் பொறித்த பாத்திரம்தான் கடினம். ஒரு சொம்பின் வயிற்றில் புள்ளி புள்ளியாக இனிஷியலும் பெயரும் தேதியும். முதல் இரண்டு எழுத்து தேய்ந்து விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிறது. இதைப் போடுவதா வைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை பெயர் யாருடையதோ, யார் சீராகக் கொண்டுவந்தார்களோ அவர்களுக்கு மட்டுமே. கேட்காமல் எடுத்தால் மிச்ச வாரம் முழுக்க வீட்டில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள். கேட்ட விதமும் முக்கியம். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்றால் கோபம் வரும். "இதில் தினம் புழங்க ஒண்ணு எடுத்துக் குடும்மா" என்றால் அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். பெயர் பொறித்தது பதினொன்று பரணில் கிடப்பதைவிட ஒன்று தினமும் கையில் இருப்பது மேல்.

பித்தளையைத் தனியாகப் பிரிக்கவும். உள்ளே ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளியோ தயிரோ வைத்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசித் தர ஆள் கிடைத்தால் வைத்துப் புழங்கலாம். கிடைக்காவிட்டால் அது சமையல் பாத்திரம் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலிட வேண்டிய அண்டாவை வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.

எடைக்குப் போடும்போது கவனிக்க வேண்டியவை சில. அலுமினியம், பித்தளை, எவர்சில்வர் மூன்றும் ஒரே சாக்கில் போனால் மலிவான உலோகத்தின் விலைதான் கிடைக்கும். குக்கர் கைப்பிடி, கேஸ்கட், திருகாணி எல்லாவற்றையும் கழற்றிவிடவும். இல்லையென்றால் கடையில் அதற்கென்று தாராளமாகக் கழிப்பார்கள். வீட்டிலேயே நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளவும். காந்தம் ஒட்டினால் இரும்பு என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். காந்தம் ஒட்டும் எவர்சில்வர் ரகமும் உண்டு.

நான்காவது, ஐந்தாவது: துணி

துவைத்து மடித்ததை எப்போதும் அடுக்கின் இடது ஓரத்தில் வைத்தால், மூன்று மாதத்தில் உடுத்தாதவை தானாக வலது ஓரத்துக்கு ஒதுங்கும். பட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வைத்துக்கொள்ளும் பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும்.

நான்காவது வாரம் ஒரு தவறு நடந்தது. கட்டிய சாக்கு நான்கு நாள் பால்கனியில் கிடந்தது. அதிலிருந்து ஏழு உருப்படி திரும்ப உள்ளே வந்துவிட்டன. அதற்குப் பிறகு, ஞாயிறு 12 மணிக்குச் சாக்கை எடுத்துப்போக ஆள் சொல்லிவிட்டுத்தான் வேலையையே தொடங்குவது.

ஆறாவது: காகிதம்

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சான்றிதழ்கள் என்றைக்கும் வேண்டும். மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் தாளையும் முத்திரையையும் சரிபார்க்கவே முடியாது. கடை பில் வெப்பத்தாளில் இருந்தால் எழுத்து மங்கிவிடும். வாரண்டி உள்ளதைப் படம் எடுத்துக்கொண்டு தாளை விடலாம். ஆதார் நகல்களைக் கிழிக்காமல் எடைக்குப் போடக்கூடாது.

ஏழாவது: மின்சாமான்

பழைய போன், சார்ஜர், செட்டாப் பாக்ஸ். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ சாக்கில் திணிக்கவோ வேண்டாம்.

எட்டாவது, ஒன்பதாவது: பரண்

கடைசியாக ஏறியதற்குக் காரணம் உண்டு. கீழே இடம் காலியாகாமல் பரணைத் திறந்தால் இறக்கியது எல்லாம் மறுபடி மேலேயே போகும். அட்டைப்பெட்டிகள் கரப்பானுக்குக் குடித்தனம். பிரிக்காமல் பால்கனிக்குக் கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டும். தேள் இருக்கலாம், கையை நேரே விடாமல் டார்ச் அடித்துப் பார்க்கவும். பழைய புத்தகங்களில் இராமபாணப் பூச்சி துளைத்திருந்தால் மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.

போகிக்கு எரித்துக்கொள்ளலாம் என்று எதையும் ஒதுக்கக்கூடாது. 2018 போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது. அந்தப் புகையில் நம் பிளாஸ்டிக் நாற்காலியும் சேர வேண்டாம்.

முடிவு செய்ய முடியாதவற்றுக்கு ஒரே ஒரு சந்தேகப் பெட்டி. ஒட்டி, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதி, உள்ளே இருப்பதன் பட்டியலை மேலேயே ஒட்டினோம். பட்டியல் இல்லையென்றால் எதையோ தேடித் திறப்பார்கள், திறந்தால் மொத்தமும் வெளியே வரும்.

ஒன்பதாவது ஞாயிறு நிலவரம்: வெளியே போனது 164 கிலோ. கூடம் துடைக்க முன்பு 14 பொருளை நகர்த்த வேண்டும், இப்போது 3. அலமாரிக் கதவின் உள்பக்கம் இருப்புப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்பும் முன் எல்லோரும் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். கூடத்துப் பரணில் கொலுப்படிகளும் பொம்மைப் பெட்டியும் மட்டும். சந்தேகப் பெட்டியில் 22 உருப்படி, திறக்கும் தேதி தை முதல் வாரம்.